முத்து மூழ்கிய துறைமுகம்

“பையனா அவன்? சரியான எம்டன்!” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கெட்டிக்காரன், துணிச்சல்காரன், கொஞ்சம் ஜாக்கிரதையாகவே பழகவேண்டிய ஆசாமி – இத்தனை அர்த்தமும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கம். ஓர் எதிரிக் கப்பலின் பெயரை இப்படிச் செல்லப் பெயராக்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்ட ஜாதி உலகத்தில் வேறு எங்கேனும் உண்டா என்பது சந்தேகம்தான். மலையாளத்தாரை வேண்டுமானால் நம்மோடு சேர்த்துக்கொள்ளலாம்.

1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்றதும், நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்ததும், பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்ததும் நமக்குத் தெரிந்த கதை. ஹைகோர்ட்டின் மதில் ஓரமாகப் போனால் அதற்குச் சாட்சியாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று ஒரு கதையும் நெடுநாளாக உலவுகிறது. அழகான கதைதான், ஆனால் அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார்.

சரி, சென்னையை விட்டு அந்தக் கப்பல் எங்கே போயிற்று? இதை நீங்கள் பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் விழிப்பார்கள். பதில் தெரியவேண்டுமானால் பினாங்குக்குப் போகவேண்டும்.

பினாங்குக்குப் பாலம் வழியாகவும் போகலாம். 1985-இல் ஒன்றும் 2014-இல் இன்னொன்றுமாக இரண்டு நீண்ட பாலங்கள் இருக்கின்றன. ஆனால் என் பேச்சைக் கேளுங்கள்: பட்டர்வொர்த் கரையில் இறங்கி, படகில் ஏறிப் போங்கள். கால் மணி நேரத்துப் பிரயாணம்தான். எதிரே ஜார்ஜ் டவுன் கொஞ்சம் கொஞ்சமாக உருவெடுக்கும். அதற்குப் பின்னால் பச்சைப் பசேலென்று மலை. இரண்டு கரைக்கும் நடுவே அகன்று கிடக்கும் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நான் சொல்லவந்த கதை நடந்த இடம் அதுதான்.

இறங்கியவுடன் வேற்றூருக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் நமக்கு வராது. மல்லிகைப்பூ வாசனை வருகிறது. குயீன் தெருவில் மாரியம்மன் கோயில் 1833-ஆம் வருஷம் முதல் இருக்கிறது. நம் கடற்கரை மரக்காயர்களும் ராவுத்தர்களும் கொடிகட்டிப் பறந்த சூலியா தெரு இருக்கிறது. அவர்கள் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜுலா’ கப்பல் ஏறி வந்து இறங்கியவர்களின் பேரன் பேத்திகள் இன்று கடைகளில் உட்கார்ந்து, “என்ன வேணும் அண்ணே?” என்று கேட்கிறார்கள். இதைப்பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும். நாம் கடலோரமாக நடப்போம்.

கடற்கரையை ஒட்டி, ஃபார்க்குவார் தெருவில், வெள்ளை வெளேரென்று ஒரு பழைய ஹோட்டல் நிற்கிறது. ‘ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல்’ என்று பெயர். சார்க்கிஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள் 1880-களில் தொடங்கியது. பின்புறப் புல்தரையில் நின்றால் காலடியில் அலை அடிக்கும். ஒரு ரஷ்யப் பிரபு தம் பதவியையும் பட்டத்தையும் பறிகொடுத்தது இந்த ஹோட்டலில் உறங்கிய ஓர் இரவில்தான்.

அவர் பெயர் பாரன் செர்காசோவ். ‘ஜெம்சுக்’ என்ற ரஷ்ய யுத்தக் கப்பலின் காப்டன். ஜெம்சுக் என்றால் ரஷ்ய மொழியில் முத்து. லேசுப்பட்ட கப்பல் அல்ல. 1905-இல் ஜப்பானியர் ரஷ்யக் கடற்படையை நிர்மூலமாக்கினார்களே, த்சூஷிமா யுத்தம், அதிலிருந்து தப்பிப் பிழைத்த சில கப்பல்களில் இதுவும் ஒன்று. அப்போது இதனோடு மணிலாவுக்குத் தப்பி ஓடிய இன்னொரு கப்பல் ‘அரோரா’. 1917 புரட்சியில் பேர் பெற்ற அதே அரோராதான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அதைக் காட்சிப்பொருளாக வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஒரே போரில் தப்பிய இரண்டு சகாக்களில் ஒன்றுக்கு அந்த யோகம்; மற்றதற்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள்.

1914 அக்டோபர் கடைசியில் கொதிகலன்களைச் சுத்தம் செய்வதற்காக ஜெம்சுக் பினாங்குக்கு வந்தது. பிரிட்டிஷ் அட்மிரல் ஜெர்ரம், “இந்தத் துறைமுகம் பத்திரமில்லை” என்று செர்காசோவுக்குப் புத்தி சொல்லியிருந்தார். செர்காசோவ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கப்பலை நடுத் துறையில் நங்கூரம் பாய்ச்சிவிட்டு, குண்டுகளை அறைக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார். மேல்தளத்தில் கைக்கு எட்டும்படி இருந்தவை பன்னிரண்டே குண்டுகள். பிறகு கரையேறி ஹோட்டலுக்குப் போய்விட்டார். மனைவியைப் பார்க்கப் போனார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மனைவி அல்ல என்று எழுதியவர்களும் உண்டு. அந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டாம்.

இந்தச் சமயத்தில் எம்டன் எங்கே இருந்தது? சென்னையை விட்டபின் இலங்கைக்கும் மினிக்காய்க்கும் அப்பால் சுற்றிச் சுற்றி வியாபாரக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் காப்டன் கார்ல் ஃபான் முல்லர் ஒரு விசித்திரமான மனிதர். பிடித்த கப்பலில் உள்ளவர்களை முதலில் பத்திரமாக இறக்கிக்கொண்டு, அதன் பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார். நடுவில் ஒரு நாள் டீகோ கார்சியா தீவில் போய் ஒதுங்கினார். யுத்தம் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தும் அங்கே ஒருவருக்கும் சேதி தெரியாது! எதிரி என்று அறியாமல் தீவுக்காரர்கள் உபசாரம் செய்தார்கள். ஜெர்மானியர் அவர்களுடைய பழுதான மோட்டார் படகை ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டு, கப்பலின் அடிப்பாகத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டு புறப்பட்டார்கள். சினிமாவில் எடுத்தால் நம்பமாட்டோம்.

அப்புறம் நிக்கோபார் தீவுகளில் கரி ஏற்றிக்கொண்டு, முல்லர் பினாங்கை நோக்கித் திருப்பினார். பெரிய பிரெஞ்சுக் கப்பல்கள் அங்கே இருக்கும் என்பது அவருடைய கணக்கு.

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. அந்தப் பக்கம் திரிந்த ‘யார்மத்’ என்ற பிரிட்டிஷ் கப்பலுக்கு நான்கு. ஆகையால் கித்தானும் மரமும் கொண்டு நாலாவது புகைபோக்கி ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். நம் ஊர்த் தெருக்கூத்தில் கிரீடம் செய்கிற மாதிரிதான். அந்த வேஷத்தோடு 28-ஆம் தேதி விடியற்காலை வடக்கு வாயில் வழியாக எம்டன் உள்ளே நுழைந்தது. யுத்த காலம் என்ற நினைவே இல்லாமல் துறைமுக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒருவரும் தடுக்கவில்லை.

மணி ஐந்தேகால் இருக்கும். கிழக்கே, வெல்லஸ்லி கரைப் பக்கம், வானம் லேசாக வெளுக்கிற நேரம். வியாபாரக் கப்பல்களுக்கு நடுவே ஒரு யுத்தக் கப்பல் இருட்டாக, அசைவில்லாமல் நிற்பது தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தபிறகே அது ரஷ்யக் கப்பல் என்று தெரிந்ததாம். இரண்டுக்கும் நடுவே சுமார் முந்நூறு கஜ தூரம். முல்லர் ஜெர்மன் கொடியை ஏற்றச் சொன்னார். டார்ப்பிடோவை விடச் சொன்னார். கூடவே பீரங்கிகளும் முழங்கின. டார்ப்பிடோ ஜெம்சுக்கின் பின்பாகத்தில் பாய்ந்தது. மாலுமிகளில் பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்தார்கள்.

இரண்டொரு பீரங்கிகளை எப்படியோ இயக்கி ரஷ்யர்கள் சுட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அறைச் சாவி எங்கோ, அதிகாரி கரையில், கப்பல் சாய்கிறது – அந்த நிலையில் பீரங்கியண்டை ஓடி நின்றவர்கள் யாரோ, எவரோ! ஒரு குண்டும் எம்டன்மேல் படவில்லை. எம்டன் சாவதானமாகத் திரும்பி வந்து இரண்டாவது டார்ப்பிடோவை விட்டது. அது வெடிமருந்துக் கிடங்கைத் தொட்டது. புகை கலைந்தபோது தண்ணீருக்குமேல் பாய்மரத்தின் நுனிதான் தெரிந்தது. 89 பேர் செத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். தம்முடைய கப்பல் மூழ்குவதைக் காப்டன் ஹோட்டலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார் என்று சொல்கிறார்கள்.

“வேஷம் போட்டு வந்து தூங்குகிறவனைக் கொன்றது வீரமா?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடல் யுத்தத்துக்கு எழுதிவைத்த தர்மம் ஒன்று உண்டு: மாறுவேஷம் போடலாம், வேற்றுக் கொடிகூடப் பறக்கவிடலாம், ஆனால் சுடுவதற்கு முன்னால் சொந்தக் கொடியை ஏற்றிவிட வேண்டும். முல்லர் ஏற்றினார். சட்டப்படி அவர்மேல் குற்றம் இல்லை. என் மனசு மட்டும் இதில் முழுக்க சமாதானம் அடையவில்லை. ஆனால் குற்றப் பத்திரிகை எழுதுவதென்றால் அதில் முதல் பெயராக ஜெர்மன் காப்டனுடையதை எழுதமாட்டேன்.

துறைமுகத்துக்குள் பிரெஞ்சுக்காரர்களின் சிறு கப்பல்கள் மூன்று இருந்தன. நீராவி இல்லாமல் குளிர்ந்து கிடந்தன. நாலாவதாக ‘மூஸ்கே’ என்று ஒன்று ராத்திரி ரோந்து போயிருந்தது. எம்டன் வெளியே வந்து, ‘கிளென்டரட்’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை நிறுத்திச் சோதிக்கத் தொடங்கிய சமயம், ரோந்து முடிந்து மூஸ்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. முல்லர் அந்தச் சரக்குக் கப்பலை விட்டுவிட்டார். விடும்போது அதன் காப்டனிடம் ஒரு சமாசாரம் சொல்லி அனுப்பினார்: வழிகாட்டிப் படகு ஒன்றை யுத்தப் படகு என்று எண்ணிச் சுட்டதற்கும், ரஷ்ய மாலுமிகளைத் தண்ணீரிலிருந்து எடுக்க முடியாமல் போனதற்கும் வருத்தம் தெரிவிக்கவேண்டுமாம்!

மூஸ்கே சுமார் 300 டன். எம்டனோ 3,600 டன்னுக்கு மேல். எம்டனில் நாலு அங்குலத்துக்குச் சற்று அதிகமான பீரங்கிகள் பத்து. மூஸ்கேயில் இருந்த மிகப் பெரிய பீரங்கியின் வாய் இரண்டரை அங்குலம். எதிரே வருவது நண்பன் என்று நினைத்து நேராக வந்த அந்தக் கப்பல், ஜெர்மன் கொடியைப் பார்த்ததும் சண்டைக்குத் திரும்பியது. டார்ப்பிடோவும் விட்டது. சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்தது. காப்டன் தெரோவானும் நாற்பது பேருக்கு மேற்பட்டவர்களும் கப்பலோடு போனார்கள்.

இந்த இடத்தில் எம்டன் நின்றது. பின்னால் யார் துரத்தி வருகிறார்களோ என்ற கவலைக்கு நடுவில் படகுகளை இறக்கினார்கள். தண்ணீரில் கிடந்த பிரெஞ்சுக்காரர்களில் சிலர், பிடித்தால் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து நீந்தி விலகினார்களாம். 36 பேரை ஏற்றிக்கொண்டார்கள். காயத்தால் இறந்தவர்களை யுத்த மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தார்கள். இரண்டு நாள் கழித்து ‘நியூபர்ன்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் எதிர்ப்பட்டது. முல்லர் அதை மூழ்கடிக்கவில்லை. மிஞ்சிய பிரெஞ்சுக்காரர்களை அதில் ஏற்றி, சுமத்ராவுக்கு வடக்கே உள்ள சபாங்குக்கு அனுப்பிவைத்தார். இதற்கிடையில் ‘பிஸ்தோலே’ என்ற இன்னொரு பிரெஞ்சுக் கப்பல் நீராவி ஏற்றிக்கொண்டு எம்டனைத் துரத்திப் பார்த்தது. மழை வந்து மறைத்துவிட்டது.

எம்டனுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் ஆயுள். நவம்பர் 9-ஆம் தேதி கோக்கோஸ் தீவண்டை ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியக் கப்பல் அதை அடித்துப் பாறையில் ஏற்றிவிட்டது. அதில் செத்தவர்கள் 130-க்கு மேல்.

செர்காசோவ்? மறு வருஷம் வ்லாடிவாஸ்டக்கில் விசாரணை நடந்தது. அவருக்கு மூன்றரை வருஷம் சிறை. அவருக்கு அடுத்த அதிகாரி குலிபினுக்கு ஒன்றரை வருஷம். பதவி, பட்டம், பிரபு வம்சம் எல்லாம் பறிபோயின. ஜார் சக்கரவர்த்தி அதை மாற்றி, இருவரையும் சாதாரண மாலுமிகளாகப் போர்முனைக்கு அனுப்பினார். பீரங்கியண்டை நிற்கிற சாதாரண மாலுமி! அந்த மட்டில் ஜாருக்கு ஒரு ‘சபாஷ்’ போடலாம் என்று தோன்றுகிறது.

ஹோட்டலிலிருந்து கிழக்கே நடந்தால் லைட் தெருவில் பழைய கான்வென்ட் கட்டடம் வரும். அங்கேயும் ஒரு கப்பல் கதை உண்டு. 1943 ஏப்ரலில் ‘கிரெனேடியர்’ என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் இந்தக் கடலில் சேதமாகி, அதன் மாலுமிகள் ஜப்பானியரிடம் அகப்பட்டார்கள். அவர்களை அடைத்துவைத்துச் சித்திரவதை செய்தது இந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில். சுவரில் அவர்கள் தங்கள் பெயரைக் கீறிவைத்தார்கள்.

அதே ஏப்ரலில் இந்தத் துறைமுகத்திலிருந்து ‘ஐ-29’ என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ரகசியமாகப் புறப்பட்டது. அதற்குள் இரண்டு டன் தங்கம். மடகாஸ்கருக்கு அருகே, கொந்தளிக்கும் கடலில், ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியைச் சந்தித்தது. அந்த ஜெர்மன் கப்பலிலிருந்து ரப்பர்ப் படகில் இதற்கு மாறி வந்தவர் யார் தெரியுமா? நம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். கூட வந்தவர் அபித் ஹாசன். திரும்பும் வழியில் மே மாதம் அவர்களைச் சபாங்கில் இறக்கிவிட்டார்கள். அந்த வருஷமே ஜெர்மன் நீர்மூழ்கிகளும் பினாங்கைத் தளமாக்கிக்கொண்டு வந்து தங்கின. 1914-இல் கித்தான் புகைபோக்கி கட்டித் திருட்டுத்தனமாக நுழைந்தவர்களின் பிள்ளைகள், 29 வருஷம் கழித்து விருந்தாளிகளாக வந்து இறங்கினார்கள். ரஷ்யக் கப்பல் மூழ்கிக் கிடந்த தண்ணீரின் மேலேதான் அவர்களும் போய் வந்திருப்பார்கள்.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. பினாங்கில் “பழைய கல்லறைத் தோட்டம்” என்று கேட்டால், நார்தம் சாலைக்குக் கொண்டு விடுவார்கள். அது இந்த ஊரை 1786-இல் ஆங்கிலேயருக்காகப் பிடித்த பிரான்சிஸ் லைட் அடக்கமாகியிருக்கும் இடம். வெள்ளைப் பூ மரங்கள் நிழல் தர, அழகாகவே இருக்கும். நமக்கு வேண்டியது அதுவல்ல. வெஸ்டர்ன் சாலைக் கல்லறை என்று கேளுங்கள். சாலைக்கு இப்போது ஜாலான் உத்தாமா என்று பெயர். மலை அடிவாரத்துப் பக்கம், மழை மரங்கள் கவிந்த வழி.

அங்கே ஜெம்சுக் மாலுமிகள் பன்னிரண்டு பேரின் அடக்கத்தலத்தில் ஒரு கல் நிற்கிறது. ரஷ்ய எழுத்துக்கள் பொறித்திருக்கும். ஜாரும் போய், அவருக்குப் பின் வந்த சோவியத் ஆட்சியும் போய், இப்போது ரஷ்யத் தூதரகத்தார் வந்து மலர் வளையம் வைக்கிறார்கள். மூன்று ஆட்சிக்கும் பொதுவாக அந்த மாலுமிகள் ரஷ்யர்களாகவே இருந்துவருகிறார்கள். நீங்கள் போவதானால் குயீன் தெரு பூக்கடையில் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போங்கள். எம்டனின் பெயரைக் குழந்தைகளுக்குச் சூட்டிச் சிரித்த ஊரிலிருந்து போகிறோம். எம்டனால் செத்தவர்களுக்கு ஒரு முழம் பூ அதிகமில்லை.

நேரம் இருந்தால் இன்னும் ஓர் இடம் பாக்கி. முதல் பாலத்துக்குத் தெற்கே, தீவுக்கும் பெருங்கரைக்கும் நடுவில், காடு மண்டிய ஒரு சின்னத் தீவு தெரியும். ஜெரெஜாக் என்று பெயர். ரஷ்ய மாலுமிகள் இருவரின் அடக்கம் அங்கேயும் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே குஷ்டரோக ஆஸ்பத்திரி இருந்தது. தொற்றுநோய்க் காவல் முகாமும் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் தோட்ட வேலைக்கென்று கப்பலேறி வந்த நம் ஜனங்களை ஊருக்குள் விடாமல் முதலில் இறக்கிக் காக்கவைத்தது அந்தத் தீவில்தான். சிலர் காத்திருந்து அக்கரைக்குப் போனார்கள். சிலர் போகவில்லை. படகு எந்த நேரத்தில் புறப்படும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மத்தியான வேளையில் மழை பிடித்துக்கொண்டால் சீக்கிரம் விடாது.